பன்முறைமை எழுத்தாக்கமும் நடுநிலை வகுப்புத் தமிழ்க் கற்பித்தலும்: திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சொல், படம், ஒலி, மெய்ப்பாடு, இட அமைப்பு ஆகியவற்றை இணைத்துப் பொருள் உருவாக்கும் பயிற்சி பன்முறைமை எழுத்தாக்கம் எனப்படும். ஆங்கில மொழிக் கற்பித்தலில் கால் நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசப்பட்டுவரும் இக்கருத்து, ஆறு முதல் எட்டு வரையிலான தமிழ் வகுப்புகளில் எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம் களமாகக் கொள்ளப்படுகிறது. ஆலைகளில் பெற்றோர் நாள்தோறும் படிக்கும் பன்முறைமைப் பனுவல்களையும், பாடநூல்கள் தரும் எழுத்துப் பயிற்சிகளையும் ஒப்பிட்டு, தமிழ் வகுப்புக்குரிய மூன்று பயிற்சி அலகுகளும் ஒரு மதிப்பீட்டுச் சட்டகமும் இங்கு முன்மொழியப்படுகின்றன.

திறவுச் சொற்கள்: பன்முறைமை, எழுத்தாக்கம், மொழி கற்பித்தல், தமிழ்99, தொழில்வழித்தடம், வளரறி மதிப்பீடு.

முன்னுரை

எழுத்தாக்கப் பயிற்சி என்றவுடன் தமிழ் வகுப்பில் நினைவுக்கு வருவன கட்டுரை, கடிதம், கதை வளர்த்தல், பாநலம் பாராட்டல் என்பனவாகும். இவை அனைத்தும் தாளும் மையும் கொண்டு செய்யப்படுவன. இப்பயிற்சிகளின் தேவை இன்றும் குறையவில்லை. எனினும், மாணவர் வகுப்புக்கு வெளியே படிப்பவற்றில் பெரும்பகுதி இவ்வடிவங்களில் இல்லை. அவர் காண்பன படத்தோடு கூடிய சொல், குரலோடு கூடிய படம், அசையும் எழுத்து ஆகியவையே. படிப்பவராக மட்டுமின்றிப் படைப்பவராகவும் அவர் இவ்வடிவங்களுக்குள் நுழையும்போது, எந்த மொழி அவருக்குத் துணைநிற்கிறது என்பது மொழிக் கல்வியின் அடிப்படை வினாவாகிறது. அத்துணை ஆங்கில வகுப்பில் மட்டும் கிடைக்குமாயின், கருவி என்றால் ஆங்கிலம், தேர்வு என்றால் தமிழ் என்னும் பிரிவினை மாணவர் மனத்தில் நிலைபெற்றுவிடும். இவ்விடரே இக்கட்டுரையின் தூண்டுகோல் ஆகும்.

1. பன்முறைமை: கருத்தும் வரையறையும்

1994இல் அமெரிக்காவின் நியூ இலண்டன் என்னும் ஊரில் கூடிய பத்து அறிஞர்கள், தம் கருத்துகளை 1996இல் ஆர்வர்டு கல்வி ஆய்விதழில் ஒரே கட்டுரையாக வெளியிட்டனர். எழுத்தறிவு என்பது ஒருமையன்று, அது பன்மை என்பது அவர்தம் கோட்பாடு. மொழி, காட்சி, ஒலி, உடலசைவு, இடம் என ஐந்து பொருளாக்க முறைமைகளை அவர்கள் வகுத்தனர். சூழல்சார் பயிற்சி, வெளிப்படையான கற்பிப்பு, திறனாய்வுப் பார்வை, மாற்றிப் பயன்கொள்ளல் என்னும் நான்கு கூறுகளைக் கற்பித்தலுக்கு உரியனவாகக் கூறினர். அக்குழுவினருள் ஒருவரான குந்தர் கிரெசு, தியோ வான் லீவனுடன் இணைந்து, படத்துக்கும் ஓர் இலக்கணம் உண்டு என்பதை அதே ஆண்டில் வெளிவந்த நூலில் விளக்கினார்.

இங்கு ஒரு தெளிவு தேவை. பன்முறைமை வேறு, மின்னணுக் கருவி வேறு. சுவரொட்டியும் தெருக்கூத்தும் மின்கருவியின்றியே பன்முறைமை கொண்டவை. கணினியில் தட்டச்சு செய்யப்பட்ட படமற்ற கட்டுரை மின்னணு வடிவினதேயன்றிப் பன்முறைமை எழுத்தாக்கம் ஆகாது. கருவி இல்லாத பள்ளியிலும் இப்பயிற்சி இயலும் என்பதும், கருவி வந்துவிட்டதாலேயே இப்பயிற்சி நிகழ்ந்துவிடாது என்பதும் இவ்வேறுபாட்டால் பெறப்படும்.

2. தமிழ் மரபில் பன்முறைமை

இயல், இசை, நாடகம் என்னும் முத்தமிழ்ப் பகுப்பைப் பன்முறைமைக் கோட்பாட்டின் முன்னோடி எனக் கூறிவிடுதல் எளிது. ஆயின் அது காலமுரண் ஆகும். மரபு எவ்வாறு துணைநிற்கிறது எனக் காண்பதே ஆய்வுக்குப் பயன்தரும். மூன்று சான்றுகளை ஈண்டு நோக்கலாம்.

முதலாவது, சிலப்பதிகார அரங்கேற்று காதை. ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமை ஆசிரியன், குழலோன், யாழாசிரியன் ஆகியோரின் தகுதிகளும் அரங்கின் அமைப்பும் அங்குத் தனித்தனியே கூறப்படுகின்றன. சொல்லைப் படைப்பவன் பலருள் ஒருவனாகவே அங்கு இடம்பெறுகிறான். ஒவ்வொரு முறைமைக்கும் தனித்த கல்வி உண்டு என்பதும், அவை ஒன்றையொன்று அறிந்து இயங்கவேண்டும் என்பதும் அக்காதையால் புலனாகின்றன.

இரண்டாவது, தண்டியலங்காரம் சொல்லணியியலில் கூறும் சித்திரகவி. நாகபந்தம், சக்கரபந்தம் போன்றவற்றில் எழுத்து நிற்கும் இடமே செய்யுளின் கட்டமைப்பாகிறது. இட அமைப்பு பொருளாக்கத்தில் பங்கேற்பதற்கு இது தக்க சான்று.

மூன்றாவது, பாரதியார் ஆசிரியராக இருந்த ‘இந்தியா’ வார இதழின் கருத்துப்படங்கள். 1906இல் சென்னையில் தொடங்கி, 1908இல் புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்த அவ்விதழ், தமிழ் இதழியலில் அரசியல் கருத்துப்படத்துக்கு வழிவகுத்தது. அப்படங்களை ஆ. இரா. வேங்கடாசலபதி தொகுத்து நூலாக்கியுள்ளார். படம் ஒன்றைக் காட்ட, அதனோடு அமைந்த விளக்கம் அதற்கு அரசியல் பொருளை ஏற்றும் முறை அங்குக் காணத்தக்கது.

இச்சான்றுகளின் வழிச் சொல்லுக்கும் படத்துக்கும் இடையிலான உறவை மூவகைப்படுத்தலாம். படம் காட்டுவதையே சொல்லும் கூறின் அது ஒத்துரைத்தல். படத்தில் இல்லாததைச் சொல் தந்தால் அது நிரப்பியுரைத்தல். படத்துக்கு எதிர்நிலையில் சொல் நின்றால் அது முரணியுரைத்தல். நடுநிலை வகுப்பு மாணவருக்கு இம்மூன்றையும் பிரித்தறியக் கற்பித்தலே வெளிப்படையான கற்பிப்பின் முதற்படி எனலாம்.

3. களம்: ஆலைகளின் எழுத்துலகம்

இராமானுசர் பிறந்த ஊராகிய திருப்பெரும்புதூர், சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்தது. 1996இல் நிறுவப்பட்ட இந்தியப் பிரிவின்வழி, ஹூண்டாய் நிறுவனம் இருங்காட்டுக்கோட்டையில் ஆலை அமைத்து, 1998இல் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைபேசி ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை 2010இல் திறக்கப்பட்டது. இன்று ஐபோன்களைப் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையும் இவ்வழித்தடத்திலேயே உள்ளது. இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால், ஒரகடம் ஆகிய இடங்களில் சிப்காட் தொழிற்பூங்காக்கள் இயங்குகின்றன. ஏரிப்பாசனத்தை நம்பியிருந்த ஊர்கள் ஒரு தலைமுறைக்குள் முறைநேரப் பணிக்கும் நிறுவனப் பேருந்துக்கும் மாறிவிட்டன. பீகார், ஒடிசா, சார்க்கண்டு, அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் இங்குப் பணிபுரிகின்றனர்.

மொழி ஆய்வு நோக்கில் கருதத்தக்கது ஆலையின் எழுத்துலகம். பொருத்துதடத்தில் தொழிலாளி முன் தொங்கும் பணிக்குறிப்புத் தாள், எண்ணிட்ட படிகளும் படமும் அம்புக்குறியும் வண்ணமும் கொண்டது. தடத்தில் சிக்கல் நேர்ந்தால் எரியும் வண்ணவிளக்குப் பலகை, பொருளோடு நகரும் அட்டை, தரையில் இடப்பட்ட மஞ்சள் கோடு ஆகியன அனைத்தும் படிக்கப்படவேண்டிய குறிகளே. சப்பானிய ஆலைகளிலிருந்து பரவிய ‘ஐந்து எஸ்’ ஒழுங்குமுறை, பொருள் நிற்கும் இடத்தையே ஒரு செய்தியாக்குகிறது. பல மொழியினர் கூடிப் பணிபுரியும் இடத்தில் சொல் சுருங்கிப் படம் பெருகுதல் இயல்பே. எனவே, இவ்வழித்தடத்துப் பிள்ளைகளின் பெற்றோர் பலர் பன்முறைமைப் பனுவல்களை நாள்தோறும் படிப்பவராகின்றனர். பள்ளி இவர்தம் படிப்பறிவைக் கணக்கில் கொள்ளாதபோது, வீட்டுக்கும் வகுப்புக்கும் இடையே ஒரு பிளவு தோன்றுகிறது.

ஆயினும் இவ்வெழுத்துலகை அப்படியே வகுப்பறைக்கு மாதிரியாகக் கொள்ளுதல் கூடாது. பணிக்குறிப்புத் தாளின் நோக்கம் ஒரு பொருளையே தருதல். பிறிதொரு பொருளுக்கு இடமளித்தால் அது பிழைபட்டதாகும். அதில் ஏவல் உண்டு, வினா இல்லை. செய்வோர் உண்டு, அவர்தம் பெயரும் களைப்பும் இல்லை. இலக்கியக் கல்வியோ பல பொருள்படலையும் வினவுதலையும் அடிப்படையாகக் கொண்டது. ஆலையின் வடிவங்களை மாணவர் அறியவேண்டும். அவ்வடிவங்கள் எவற்றைச் சொல்லாது விடுகின்றன என்பதையும் அறியவேண்டும். நியூ இலண்டன் குழுவினர் கூறிய திறனாய்வுப் பார்வை இவ்விடத்தில் இன்றியமையாததாகிறது.

4. பாடநூலும் கருவிகளும்

தமிழ்நாட்டில் 2018–19, 2019–20 ஆகிய கல்வியாண்டுகளில் நடைமுறைக்கு வந்த பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் இணைக்கப்பட்டன. 2019 ஆகத்தில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,029இல் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் நிறைவேற்றப்பட்டது. பின்னர் நடுநிலைப் பள்ளிகளுக்கும் இவ்வசதி விரிவாக்கப்பட்டது. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்க்குத் ‘தேன்சிட்டு’ இதழ் 2022 முதல் வெளிவருகிறது. இவை அனைத்தும் குறிப்பிடத்தக்க முயற்சிகள்.

எனினும் இவற்றின் போக்கை நோக்கின் ஒரு பொதுத்தன்மை புலப்படும். கியூ.ஆர். குறியீடு மாணவரைக் காணொலிக்கு அழைத்துச் செல்கிறது. தொலைக்காட்சி பாடத்தைக் காட்டுகிறது. ஆய்வகக் கணினி இணையவழித் தேர்வுக்குப் பயன்படுகிறது. மூன்றிலும் மாணவர் பெறுநராகவே நிற்கிறார். எழுத்துப் பயிற்சியிலும் முறைமை மாற்றம் பெரும்பாலும் ஒருவழிப்பட்டதாக உள்ளது. பத்தாம் வகுப்புத் தேர்வில் இடம்பெறும் ‘காட்சியைக் கண்டு கவினுற எழுதுக’ என்னும் வினா படத்திலிருந்து சொல்லுக்குச் செல்கிறது. சொல்லிலிருந்து படத்துக்கும், படத்திலிருந்து ஒலிக்கும் செல்லும் பயிற்சிக்கு மதிப்பெண்ணோடு கூடிய இடம் அரிது. தேர்வில் இல்லாதது வகுப்பில் நிலைத்தல் அரிது என்பதை ஆசிரியர் அறிவர்.

ஆங்கில வகுப்புக்கும் இந்நிலை பொருந்தும். ஆயின் ஆங்கிலத்துக்கு ஒரு நற்பேறு உண்டு. கணினியின் விசைப்பலகையும் மென்பொருள்களின் கட்டளைச் சொற்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்திருப்பதால், கருவியைத் தொடும்போதெல்லாம் அம்மொழி தானே பயிலப்படுகிறது. தமிழுக்கு அவ்விடத்தைத் திட்டமிட்டே உருவாக்கவேண்டியுள்ளது.

5. விசைப்பலகையும் எழுத்திலக்கணமும்

தமிழை உரோமன் எழுத்தில் உள்ளிட்டு, கருவி தரும் பரிந்துரையிலிருந்து சொல்லைத் தெரிவுசெய்யும் வழக்கம் இன்று பரவலாக உள்ளது. விரைவுக்கு இது உதவலாம். ஆயின் லகர, ளகர, ழகரங்களுக்கும் ரகர, றகரங்களுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பேணும் பொறுப்பு எழுதுபவரிடமிருந்து கருவிக்கு மாறிவிடுகிறது. மயங்கொலிகளை ஆறாம் வகுப்பில் பாடமாகப் படிக்கும் மாணவர், எழுதும் வேளையில் அப்பாடத்தைப் பயன்படுத்த வாய்ப்பின்றிப் போகிறார்.

சென்னையில் 1999இல் நடைபெற்ற தமிழிணையம் மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதற்கு மாற்றாகிறது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 எழுத்துகளுக்கும் அதில் தனித்தனி விசை உண்டு. மெய்க்குரிய விசையை அழுத்தியபின் உயிருக்குரிய விசையை அழுத்த உயிர்மெய் தோன்றும். ஒரே வல்லெழுத்தை இருமுறை அழுத்த முன்னதற்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரத்தையும், நகரத்தை அடுத்துத் தகரத்தையும் அழுத்தும்போதும் மெல்லெழுத்து தானே புள்ளி பெறும். உயிர்மெய்யாக்கமும், மெய்ம்மயக்கமும், இனவெழுத்துப் புணர்ச்சியும் விரல்வழிப் பயிற்சியாகும் இவ்வமைப்பை, இனவெழுத்துப் பாடத்தோடு இணைத்தே கற்பிக்கலாம். கணினிப் பயிற்சிக்கெனத் தனி நேரம் தேவையில்லை. இலக்கணப் பாடவேளையே போதும்.

6. முன்மொழியப்படும் பயிற்சி அலகுகள்

6.1 எந்திரத்துக்கு எழுதுதலும் தங்கைக்கு எழுதுதலும் (ஆறாம் வகுப்பு)

ஆறாம் வகுப்பில் எந்திர மனிதன் குறித்து அமைந்த ‘கணியனின் நண்பன்’ என்னும் பாடத்தை ஒட்டியது இவ்வலகு. ஐந்து புள்ளி வைத்த கோலம் ஒன்றை இடும் முறையை, ஓர் எந்திரம் பின்பற்றத்தக்க வகையில் ஆறு கட்டங்களில் படமும் ஏவலுமாக மாணவர் அமைக்கவேண்டும். படிகள் மயக்கமின்றி இருக்கின்றனவா என்பதை, மற்றொரு குழு அத்தாளை மட்டும் பார்த்துக் கோலமிட்டுச் சோதிக்கும். அடுத்து, அதே கோலத்தைத் தங்கைக்குக் கற்றுத்தருவதாக எழுதவேண்டும். யார் கற்றுத்தந்தார், எந்நாளில் இடப்படும், கை நடுங்கினால் என்ன செய்வது என்பன இப்போது இடம்பெறும். முதல் தாளில் இல்லாத எவை இரண்டாம் தாளில் வந்தன என்று வகுப்பு பட்டியலிடும். ஏவல் வினைமுற்றும், வேண்டிக்கோடற் பொருளில் வரும் வியங்கோளும், உடன்பாடும் எதிர்மறையும் இப்பயிற்சியில் தாமே பயிலப்படும்.

6.2 ஒலியோடு கூடிய ஊர்ப்படம் (ஏழாம் வகுப்பு)

ஏரி, மதகு, கால், கோயில், ஆலை வாயில், பேருந்து நிற்குமிடம் ஆகியவற்றைக் குறித்து மாணவர் தம் ஊரின் படத்தை வரைவர். படத்தின் ஒவ்வோர் இடத்துக்கும் முதியோர் ஒருவரின் கூற்று ஒரு நிமிட ஒலிப்பதிவாக இணைக்கப்படும். ஆசிரியரின் ஒரே கைபேசி இதற்குப் போதுமானது. ‘பாக்கம்’ என முடியும் ஊர்ப்பெயர்கள் தொண்டைமண்டலத்தில் மிகுதி என்பதையும், ‘கால்’ என்னும் சொல் நீர் செல்லும் வழியையும் குறிக்கும் என்பதையும் அறிந்த மாணவர், பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் ஆகிய பெயர்களைத் தொழிற்பூங்காவின் பெயராக மட்டும் காணார். கேட்ட பேச்சுத்தமிழை எழுத்துத்தமிழாக மாற்றிப் படத்தின் அடியில் எழுதும்போது, இருவழக்கின் வேறுபாடும் தெளிவாகும்.

தமிழ் கற்றல் சட்டம் 2006இல் இயற்றப்பட்டு, பத்தாம் வகுப்பு வரை தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கப்பட்டதால், பிற மாநிலத் தொழிலாளரின் பிள்ளைகளும் தமிழ் வகுப்பில் அமர்கின்றனர். பேச்சுத்தமிழ் அறிந்தும் எழுத்தறியாத இம்மாணவர்க்குக் குரல்வழிப் பங்கேற்பு முதல் வாயிலாகும். அவ்வாயிலிலேயே அவரை நிறுத்திவிடாமல், தாம் பதிந்த கூற்றின் ஒரு தொடரையேனும் அவரே எழுதச் செய்தல் ஆசிரியரின் கடமை.

6.3 முரணியுரைக்கும் படம் (எட்டாம் வகுப்பு)

ஊரில் காணப்படும் விளம்பரம் அல்லது அறிவிப்பு ஒன்றை மாணவர் கையால் வரைந்து, அதே படத்துக்கு ஒத்துரை, நிரப்புரை, முரணுரை என மூன்று தொடர்கள் எழுதுவர். இரவுமுறைப் பணி, தண்ணீர் ஊர்தி, மூடப்பட்ட ஆலை எனப் பொருளை மாணவரே தெரிவுசெய்யலாம். ஆங்கில ஆசிரியரோடு இணைந்து இதனை நடத்தின், முரணுரையை இருமொழியிலும் எழுதி, ஒரு மொழியில் அமையும் எள்ளல் மற்றொன்றில் ஏன் அமையவில்லை என விவாதிக்கலாம். மொழிபெயர்ப்புக் கல்விக்கும் இது தொடக்கமாகும்.

7. மதிப்பீடு

முப்பருவ முறையில் வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. வளரறி மதிப்பீட்டின் செயல்பாடுகளுள் ஒன்றாக இவ்வலகுகளை அமைப்பதற்குப் புதிய ஆணை எதுவும் தேவைப்படாது. பத்து மதிப்பெண்ணுக்குரிய செயல்பாட்டைப் பின்வருமாறு பகுக்கலாம்: மொழிச்செம்மை 3, முறைமையைத் தெரிந்தெடுத்தமைக்கான காரணத்தை மாணவர் கூறுதல் 3, முறைமைகளுக்கிடையிலான பொருத்தம் 2, பெற்ற உதவியையும் செய்தி தந்தோரையும் குறிப்பிடுதல் 2. ஓவியத் திறனுக்கும் கருவியின் தரத்துக்கும் இதில் மதிப்பெண் இல்லை. விலையுயர்ந்த கைபேசி உள்ள வீட்டுப் பிள்ளை முந்துவதை இவ்விடுகை தடுக்கும்.

8. கருதத்தக்க வரம்புகள்

மூன்று வரம்புகள் இங்குச் சுட்டத்தக்கன. ஆலைகளுக்குள் படமெடுத்தல் பொதுவாகத் தடைசெய்யப்பட்டிருக்கும். பெற்றோரின் பணிக்குக் கேடு நேராவண்ணம், ஆலை குறித்த காட்சிகள் கையால் வரைந்தனவாகவே அமைதல் வேண்டும். சிறார் படைத்தவை பொதுவெளியில் பகிரப்படாமல் வகுப்புக்குள்ளேயே காக்கப்படவேண்டும். மேலும், படமும் ஒலியும் வந்ததனாலேயே நெடிய உரைநடை எழுதும் பயிற்சி குறைதல் கூடாது. ஒவ்வோர் அலகும் தொடர்ச்சியான எழுத்தில் முடிதல் வேண்டும் என்பது அதனாலேயே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

• பன்முறைமை எழுத்தாக்கம் கருவியைச் சார்ந்ததன்று. பொருளாக்க முறைமைகளைத் தெரிந்து இணைக்கும் அறிவைச் சார்ந்தது. ஆதலின் கருவிக்குறைவு அதனைத் தள்ளிப்போடுவதற்குரிய காரணமாகாது.

• அரங்கேற்று காதை, சித்திரகவி, ‘இந்தியா’ இதழின் கருத்துப்படம் ஆகியன இப்பயிற்சிக்குரிய கற்பித்தல் சான்றுகளைத் தமிழுக்குள்ளிருந்தே தருகின்றன.

• திருப்பெரும்புதூர் – ஒரகடம் வழித்தடத்தில் பெற்றோரின் பணியுலகம் பன்முறைமைப் பனுவல்களால் ஆனது. அப்படிப்பறிவை வகுப்பு மதிக்கவேண்டும். அதன் ஏவல்தன்மையை வினவவும் கற்பிக்கவேண்டும்.

• பாடநூலும் மின்கருவிகளும் மாணவரைப் பெரிதும் பெறுநராகவே வைத்துள்ளன. தமிழ்99 பயிற்சியை எழுத்திலக்கணத்தோடு இணைப்பதும், வளரறி மதிப்பீட்டில் பன்முறைமைப் படைப்புக்கு இடமளிப்பதும் அவரைப் படைப்பாளராக்கும்.

கைபேசியைப் பொருத்தும் கைகளின் பிள்ளைகள், அக்கைபேசியில் தம் மொழியில் எழுத அறியாதிருத்தல் தமிழ்க் கல்வியின் குறையாகவே கொள்ளப்படும். அக்குறையைத் தீர்ப்பதற்கான முதல் முயற்சி ஆய்வகக் கணினியிலன்றி, தமிழாசிரியர் அடுத்து வகுக்கும் எழுத்துப் பயிற்சியிலேயே தொடங்குதல் தகும்.